நனையாத தெரு

லாண்டரி அக்காவின் கடைக்குள் யாராவது சிரித்துக்கொண்டு வந்தால் அவளுக்கு முதலில் சந்தேகம் வரும், அப்புறம்தான் வணக்கம் வரும். அது பிறவிக் குணமில்லை, தொழில் கொடுத்தது. ஊரார் துணியைத் துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவளுக்கு மனிதர்களைப் பற்றிப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் பாக்கி இருக்காது. பழைய கறையைப் புதுக் கறை என்று சாதிப்பவர்களும், இரவல் வாங்கிய சேலையைத் தன்னுடையது என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களும் சிரித்த முகத்தோடுதான் வருவார்கள். முறைத்துக்கொண்டு வருகிறவர்கள் பாவம், துணியைத் துவைக்கத்தான் கொடுப்பார்கள்.

அதனால் அன்று காலை கையில் பூங்கொத்தும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, இருக்கிற பல் அத்தனையும் தெரிய ஒரு பெண் படியேறியபோது அக்கா இஸ்திரி மேசைக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

"நீங்கதானே கடைக்கு ஓனர்?"

"யாரு கேக்கறது?"

"நான் மையத்துலேர்ந்து வரேன்."

மையம் என்றால் தெருமுனையில் இருந்த கண்ணாடிக் கட்டடம். 'உலகச் சுற்றுச்சூழல் காக்கும் வறட்சித் தாங்குதிறன் உயர் மையம்' என்று முகப்பில் முழுப் பெயரும் எழுதியிருக்கும். எழுத்தின் நீளத்துக்கு ஏற்றபடி கட்டடத்தை அகலமாகக் கட்டினார்களா, கட்டடத்தின் அகலத்துக்கு ஏற்றபடி பெயர் வைத்தார்களா என்று ஊரில் ஒரு சர்ச்சை உண்டு. ஆட்டோக்காரர்கள் வறட்சி ஆபீஸ் என்பார்கள். அந்தக் கட்டடம் திறந்த பருவத்தில்தான் தெருக் குழாய்களில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. தினமும் வந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று, பிறகு வாரத்துக்கு ஒரு தடவை ஆயிற்று, பிறகு குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றார் அக்காவின் கணவர். அவர் அட்டை மாட்டிய எவரையும் நம்புகிறவர். "காக்கா பனைமரத்தையே வெலைக்கு வாங்கியிருந்தா?" என்றாள் அக்கா.

தெருவே திரண்டு குடிநீர் அலுவலகத்துக்குப் போனபோது, மையத்தைக் கேளுங்கள் என்றார்கள். மையத்தில், தண்ணீர் எங்கள் துறை இல்லை என்றார்கள். அன்றிலிருந்து அக்கா துணி மூட்டைகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்த தங்கை வீட்டுக் கிணற்றடிக்குப் போய்த் துவைத்து, ஈரத்தோடு கொண்டுவந்து மாடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடையை மூடிவிடலாம் என்று அவள் நினைக்காத நாளில்லை.

"ஒரு சந்தோஷமான செய்தி. தாங்குதிறன்ல உங்க தெருதான் முதல் எடம். பல நாடுகள்ல எடுத்த கணக்கு. அதுலயும் உங்க வீடு தனியாவே முதல் எடம்" என்றாள் வந்தவள்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அக்காவின் கணவர் கை தட்டினார். கடையில் வேறு யாரும் தட்டவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எதுல முதல் எடம்?" என்றாள் அக்கா.

"தண்ணி இல்லாம இருக்கறதுல."

"நாங்க எங்க இருந்தோம்? நீங்க வெச்சிருக்கீங்க."

அந்தப் பெண் இதற்கும் சிரித்தாள். கள அலுவலர் என்பது அவள் பதவி. தெருவில் அன்று சாயங்காலத்துக்குள் அவளுக்குச் சிரிச்சமுகம் என்று பெயர் விழுந்துவிட்டது.

"உங்களை எங்க தாங்குதிறன் தூதரா அறிவிக்கப்போறோம். இயக்குநர் ஐயா உங்களைப் பாக்கணும்னார். ஜீப் வெளியில நிக்குது."

"இதோ இந்தத் தெருமுனைக்குப் போகவா ஜீப்?"

"தூதர் நடந்து வரக்கூடாதுங்க."

எலி அம்மணமாக ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று அக்கா மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் ஏறினாள். வாசல் வரைக்கும் வந்த அழைப்பை மறுத்தால், நாளைக்குத் தண்ணீர் கேட்கும்போது "கூப்பிட்டோமே, வரலியே" என்பார்கள்.

இயக்குநரின் அறையில் கம்பளிப் போர்வை தேவைப்படும் அளவுக்குக் குளிர் இருந்தது. நீண்ட மேசையின் இருபக்கமும் அதிகாரிகள். ஒவ்வொருவர் முன்னாலும் சின்னத் தண்ணீர் பாட்டில், யாரும் தொடவில்லை. அக்கா முதலில் பார்த்தது இயக்குநரின் முகத்தை அல்ல, சட்டையை. நல்ல வெள்ளை, கெட்டிக் கஞ்சி. இப்படி வெளுப்பு வரவேண்டுமானால் எத்தனை அலசு அலசியிருப்பார்கள் என்று ஒரு கணக்கு அவள் தலைக்குள் ஓடியது. அதை முடிப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, உலகம் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் கொடுத்தால் எவரும் வாழ்ந்துவிடுவார். ஆடு மாடுகூட வாழும். அதில் என்ன சாதனை? கொடுக்காதபோதும் வாழ்கிறாரா என்பதுதான் தாங்குதிறன். நீங்கள் குடிக்காமல் விட்ட ஒவ்வொரு குவளையும் இந்தப் பூமிக்கு நீங்கள் செய்த தானம்."

"நான் தானம் பண்ணலைங்க. வரல, அதனால குடிக்கல."

"தன்னடக்கம்" என்று இயக்குநர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். "இந்தக் கட்டடத்துக்கு வருமுன், மையத்தின் தொடக்கக் காலத்தில் எங்களுக்கு ஒரு பெரும் சோதனை ஏற்பட்டது அம்மா. வறட்சி வருமென்று எல்லா ஏற்பாடும் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வரவில்லை. இரண்டு பருவமும் நல்ல மழை. எங்கள் ஊழியர்கள் மனம் உடைந்துபோனார்கள். இயற்கையை நம்பி ஒரு நிறுவனம் நடத்த முடியாது என்பதை அன்று புரிந்துகொண்டோம். ஆகவே பக்கத்தில் இருக்கும் ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து, பிற்காலத்தில் வரவேண்டிய வறட்சியை முன்கூட்டியே வழங்கினோம்."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"அப்போ தண்ணிய நிறுத்தினது நீங்கதானா?"

"நிறுத்தம் என்ற சொல்லை நாங்கள் பயன்படுத்துவதில்லை. வறட்சியை உங்கள் வசம் ஒப்படைத்தோம்."

"திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவீங்களா?"

மேசை முழுவதும் சிரித்தது. "நகைச்சுவை உணர்வு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் இயக்குநர். பிறகு முகத்தை இறக்கிக்கொண்டு, அடுத்த மாதம் வெளிநாடுகளிலிருந்து மதிப்பாய்வுக் குழு வருகிறது என்றும், குழு திருப்திப்பட்டால்தான் திட்டம் இரண்டாம் கட்டத்துக்குப் போகும் என்றும், தெருவில் மேடை போட்டு அக்கா அவர்கள் முன்னால் சில வார்த்தை பேசவேண்டும் என்றும் சொன்னார்.

அக்கா யோசித்தாள். இவர்களிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் வெளியாட்கள் நாலு பேர் வந்து எதிரே உட்கார்ந்தால், அவர்களிடம் நேராகவே சொல்லலாம்: ஐயா, குழாயைத் திறந்துவிடச் சொல்லுங்க. அதைத் தடுக்கக் கூட்டத்தில் யாரும் எழுந்து வாயைப் பொத்த முடியாது.

"பேசறேன்" என்றாள்.

புறப்படுமுன் கழிவறை எங்கே என்று கேட்டாள். கூச்சத்தோடு உள்ளே போனவள் குழாயைத் தொடுமுன்னே தண்ணீர் கொட்டியது. கைப்பிடியைத் திருகக்கூட வேண்டியிருக்கவில்லை, கையை நீட்டியதே போதுமாக இருந்தது. குழாய்க்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் அழகான எழுத்தில் ஒரு வாசகம்: 'இந்தத் துளியை யாரோ ஒருவர் உங்களுக்காகச் சேமித்தார்.'

அந்த யாரோ ஒருவரான அக்கா வாசகத்தை நிதானமாகப் படித்தாள். பிறகு முகத்தைக் கழுவினாள். கழுத்தைக் கழுவினாள். முழங்கை வரை கழுவினாள். வெளியே சிரிச்சமுகம் கதவைத் தட்டுகிற வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அந்தக் கழுவல்தான் வினையாயிற்று.

ஜீப் கடை வாசலில் நின்று அக்கா இறங்கியபோது தெரு முழுக்க வாசலில் நின்றது. மையத்தில் அவள் நெஞ்சில் குத்திவிட்டிருந்த பதக்கத்தில் வெடித்த நிலமும் அதிலிருந்து முளைத்த ஒற்றை இலையும் மின்னின. அதைவிட அதிகமாக அவள் முகம் மின்னியது. எதிர்வீட்டில் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாத்தனார், மிதிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். அக்காவின் கணவருக்கு ஒரே தங்கை. நூலைப் பல்லால் கடித்து அறுக்கும் பழக்கத்தில் பேச்சையும் அப்படியே அறுத்துப் பேசுவாள்.

"அண்ணி, மொகம் பளபளன்னு இருக்கே."

"ஆபீஸ்ல கழுவினேன்."

"வறட்சி ஆபீஸ்லயா?"

"ஆமா."

"அங்க தண்ணி வருதா?"

"வருது."

"உங்களுக்கு மட்டும் வருதா?"

அக்கா நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தண்ணீரை நிறுத்தியதே அவர்கள்தான் என்றாள். கூட்டத்தில் வைத்துக் கேட்கப்போகிறேன் என்றாள். நாத்தனார் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்து, "நிறுத்தினவங்க கொண்டாந்து ஜீப்ல எறக்கிவிடறாங்க, பதக்கம் குத்தறாங்க. என்னமோ சொல்லுங்க அண்ணி, நான் நம்பறேன்" என்றாள். அவள் நம்பவில்லை என்பது தெருக்கோடி வரை தெரிந்தது.

அன்றோடு தெரு இரண்டாகப் பிரிந்தது: ஒருபக்கம் அக்கா, மறுபக்கம் தெரு. மாடியில் ஈரத்துணி சொட்டினால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் துவைக்கிறாள் என்பதைத் தெரிந்து வைத்திருந்தவர்களே இப்போது, மூட்டையைக் கொண்டுபோவது கண்துடைப்பு, உள்ளே தனிக்குழாய் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். மெக்கானிக் விடியற்காலையில் அக்கா வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டதாகச் சொன்னான். அது அவள் கணவரின் குறட்டை. மளிகைக்காரர் தேய்க்கக் கொடுத்திருந்த வேட்டிகளைத் தேய்க்காமலேயே திரும்ப வாங்கிக்கொண்டார். நாத்தனார் பேச்சையே நிறுத்திவிட்டாள். எதிரெதிர் வீடு. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில்தான் விழிக்கவேண்டும். அவள் மெஷினை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டித் தைத்தாள்.

தெருவின் சந்தேகம் மையத்துக்கும் எட்டியது. தூதருக்கு ரகசியமாகத் தண்ணீர் கிடைக்கிறதாமே என்று யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். மையம் பதறிப்போய்ச் சரிபார்ப்புக் குழு ஒன்றை அனுப்பியது. சிரிச்சமுகமும், கையில் கருவி வைத்திருந்த இரண்டு ஆண்களும் வந்தார்கள். சுவரில் கருவியை ஒட்டி ஈரம் பார்த்தார்கள். கட்டிலுக்கடியில் குனிந்தார்கள். துண்டை முகர்ந்தார்கள். ஜன்னலோரம் இருந்த பூச்சட்டியின் முன்னால் நின்று வெகுநேரம் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

"இந்தச் செடி எப்படி இவ்வளவு பச்சையா இருக்கு?" என்றார் ஒருவர்.

"அது பிளாஸ்டிக்" என்றார் அக்காவின் கணவர்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க." ஒரு இலையைப் பிய்த்து உறையில் போட்டு ஒட்டி, மேலே தேதி எழுதினார்கள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி வெக்கையில் அவருக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"இவருக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"இஸ்திரி போடறார்" என்றாள் அக்கா.

"சரிங்க. ஆனா வேர்வைக்கு மூலம்னு ஒண்ணு வேணுமே. உள்ள போகாதது எப்படி வெளியில வரும்?"

அட்டை மாட்டிய எவரையும் நம்புகிற அந்த மனிதர், வாழ்க்கையில் முதல் தடவையாக அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் அவசரமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே வேர்க்காம பாத்துக்கறேன்" என்றார்.

கடைசியாகச் சிரிச்சமுகம் அவளை உள்ளறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "தப்பா நெனச்சுக்காதீங்க. சமீபத்துல அழுதீங்களா?"

நாத்தனார் முதுகைத் திருப்பிய அன்றைக்கு அக்கா துணி மூட்டையில் முகம் புதைத்து அழுதிருந்தாள். ஆனால் ஆமாம் என்றால் அதற்கு மூலம் எது என்று கேட்பார்கள்.

"இல்ல" என்றாள்.

"அருமை. அழக்கூட இல்ல" என்று வெளியே இருந்தவர்களிடம் மகிழ்ச்சியோடு சொன்னாள் சிரிச்சமுகம். வீட்டுக்கு நற்சான்று கிடைத்தது.

மதிப்பாய்வுக் குழு வரும் நாள் நெருங்கியபோது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வானம் கறுத்தது.

தெருவில் ஒவ்வொருவராக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் சத்தமாகச் சந்தோஷப்படவில்லை, கண்பட்டுவிடும் என்ற பயம். வாளி, அண்டா, டிரம் என்று மாடிக்கு ஏற ஆரம்பித்தன. அதே நேரத்தில் மையத்திலிருந்து லாரிகள் வந்தன. லாரி நிறைய நீலநிறத் தார்ப்பாய்.

"தெருவை மூடறோம்" என்றாள் சிரிச்சமுகம். முதல் தடவையாக அவள் முகத்தில் பல் தெரியவில்லை. "நாளைக்குக் குழு வருது. ஈரம் பதிவாயிடுச்சுன்னா இத்தனை நாள் சேத்த வறட்சி வீணாப்போயிடும். ஒத்துழைப்பு குடுங்க."

"மழைக்கு மூடறீங்களா?" என்று கேட்டான் மெக்கானிக்.

"மழையிலேர்ந்து வறட்சியைப் பாதுகாக்கறோம்."

மாடிக் கைப்பிடிச் சுவர்களில் கயிறு கட்டி, வீட்டுக்கு வீடு இழுத்து, தெரு முழுக்க ஒரே கூரையாகப் பாயை விரித்தார்கள். மாடியில் வைத்த பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள். நாத்தனார் தன் வாசலில் நின்றபடி, யாரையும் பார்க்காமல், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழும்னு கேள்விப்பட்டிருக்கேன். தெரு நனையுதேன்னு அழற ஓநாயை இப்பத்தான் பாக்கறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எதிர்வீட்டைப் பார்த்தாள். நாத்தனார் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் குழு வந்து உட்காரும்போதே மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயின் மேல் சடசடவென்று கொட்டும் மழைக்கு அடியில், ஒரு சொட்டுகூட விழாத தெருவில், நாற்காலி போட்டு வெளிநாட்டுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக வந்திருந்த நரைத்த முடிக்காரி அடிக்கடி மேலே பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் மையத்தின் மொழிபெயர்ப்பாளர்.

இயக்குநர் மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "மதிப்புக்குரியோரே! இந்தத் தெருவில் நீங்கள் காண்பது கடும் வறட்சி!" பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. "இங்கே ஈரத்தின் அடையாளமே கிடையாது! எங்கள் மையம் தோன்றும் முன் இம்மக்கள் தண்ணீரை நம்பி வாழ்ந்தார்கள்! இன்று எங்களை நம்பி வாழ்கிறார்கள்! நாங்கள் இல்லாவிட்டால் இவர்கள் பழைய நிலைக்கே திரும்பிவிடுவார்கள் என்ற அச்சம் எங்களைத் தூங்கவிடுவதில்லை!"

பிறகு தூதரை அழைத்தார். அக்கா ஒலிபெருக்கியின் முன்னால் போய் நின்றாள். எதிரே வெளியாட்கள். ஓரத்தில் தெருக்காரர்கள், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்கள்.

"ஐயா, அம்மா, எங்களுக்கு எந்தத் திறனும் இல்ல. இவங்கதான் குழாயை மூடிட்டாங்க. இதோ மேல மழை பேயுது, அதையும் மூடிட்டாங்க. நீங்க சொன்னா தொறப்பாங்க. தொறக்கச் சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் தலைவியின் காதருகே குனிந்து இரண்டே வார்த்தை சொன்னார். தலைவி கைகூப்பினாள்.

"என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?" என்று கேட்டாள் அக்கா.

"நன்றின்னு."

"நான் இவ்வளவு பேசினேனே?"

"அந்த மொழியில சுருக்கமா வரும்மா."

அக்கா மறுபடி வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"அண்ணி, செவுரு விரியுது! கீழ எல்லாரும் உக்காந்திருக்காங்க அண்ணி!"

நாத்தனாரின் குரல். வாரக்கணக்கில் அவளை அண்ணி என்று கூப்பிடாத குரல். அக்கா அண்ணாந்து பார்த்தாள். மழைநீர் தேங்கித் தேங்கித் தார்ப்பாய் நிறைமாதக்காரி வயிறுபோல் நாற்காலிகளுக்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருந்தது. பாரம் முழுவதும் கயிற்றில் இறங்கி, நாத்தனார் வீட்டுக் கைப்பிடிச் சுவரை உள்ளிருந்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. சுவரில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு.

ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு அக்கா ஓடினாள். போகிற போக்கில் துணிக்கொடியை உயர்த்தும் மூங்கில் கழியைத் தன் வாசலிலிருந்து எடுத்துக்கொண்டாள். எதிர்வீட்டு மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. நாத்தனார் சுவரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள், அவள் பிடிதான் சுவரைத் தாங்குகிறது என்பதுபோல.

"தள்ளிப் போடி மொதல்ல. உன்னையும் சேத்து இழுத்துட்டுப் போயிடும்."

"நீங்க அந்தப்பக்கம் தூக்குங்க அண்ணி. தண்ணி இந்தப்பக்கம் வரட்டும்."

கழியைப் பாய்க்கு அடியில் கொடுத்து அக்கா எக்கித் தூக்கினாள். நாத்தனார் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கீழே அழுத்தினாள். தொங்கிக்கொண்டிருந்த வயிறு அசைந்து, நெளிந்து, ஒரு பக்கமாக உருண்டது. மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்திருந்த டிரம்மை நாத்தனார் காலால் உதைத்து நிமிர்த்தினாள். தண்ணீர் அதற்குள் இரைந்துகொண்டு கொட்டியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகு தெருவை யாரால் பிடித்து வைக்க முடியும்? மெக்கானிக் தன் மாடிக்கு ஓடினான். மளிகைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவோடு ஓடினார். வீட்டுக்கு வீடு கழி, துடைப்பக்கட்டை, கட்டில் சட்டம் என்று கிடைத்ததைக் கொண்டு பாயை முட்டினார்கள். ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் இறங்கியது. குடம் நிறைந்து, குண்டான் நிறைந்து, குழம்புச் சட்டி வரைக்கும் நிறைந்தது. அக்காவின் கணவர் இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் சின்னக் குவளையைக் கூட விடாமல் நீட்டிக்கொண்டிருந்தார்.

கீழே நரைத்த முடிக்காரி எழுந்து நின்று கைதட்டினாள். குழுவே எழுந்து கைதட்டியது. எல்லாம் ஏற்பாட்டில் உள்ள நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். இயக்குநர் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார். மறுகணம் ஒலிபெருக்கி அவர் கையில் இருந்தது.

"இதுவே எங்கள் மையத்தின் புதிய கண்டுபிடிப்பு! கூரைவழி நீர்த் திரட்டல்! உலகிலேயே முதல்முறை!"

மாடியில் தலை முதல் கால்வரை நனைந்துபோய் நின்ற இரண்டு பெண்களும் அதைக் கேட்டார்கள்.

"இத்தனை நாளா உள்ள தனிக்குழாய் இருக்குன்னுதான் நெனச்சேன் அண்ணி" என்றாள் நாத்தனார்.

"தெரியும்."

"இருந்திருந்தா எனக்கு ஒரு கொடமாவது குடுத்திருப்பீங்கன்னு தோணலை பாருங்க."

அக்கா கழியை மறுபடி உயர்த்தினாள். இன்னும் பாதி வயிறு பாக்கி இருந்தது.

சில நாள் கழித்துச் சிரிச்சமுகம் வந்தாள், நடந்து வந்தாள். பதக்கத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றாள். குழு நடந்ததை மிகவும் ரசித்ததாம். ஆனால் ஊருக்குத் திரும்பிப்போய் யோசித்துப் பார்த்தபோது, தண்ணீரைக் கண்டதும் இந்த மக்கள் காட்டிய ஆவல் அவர்களை வருத்தியதாம். இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் தண்ணீர் ஆசை விடவில்லை என்றால் தாங்குதிறன் மனதில் இறங்கவில்லை என்றுதானே அர்த்தம்? ஆகவே தெரு தோல்வியடைந்ததாக அறிவிக்கப்பட்டது. திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது.

"நீக்கினா என்ன ஆகும்?" என்றாள் அக்கா.

"பழையபடி சாதாரணத் தெருவா ஆயிடுவீங்க." சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. "குழாய்ல தண்ணி வரும். எங்களால எதுவும் செய்ய முடியல. ரொம்ப வருத்தமா இருக்கு."

அன்று மாலை குழாய்கள் இருமின. காற்றைத் துப்பின. பிறகு தண்ணீர் வந்தது. தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது, ஒருவரும் குடிக்கவில்லை. இது எதற்கு விடுகிறார்கள், இதில் என்ன கலந்திருக்கிறார்கள், குடித்தபிறகு என்ன சொல்வார்கள் என்று ஆளுக்கொரு யோசனை. "தூதர்தானே, அவங்க குடிச்சுக் காட்டட்டும்" என்றான் மெக்கானிக். "நேத்து வரைக்கும் செவுத்துல காதை வெச்ச, இன்னிக்கு வாயை வெக்கப் பயமா?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் கையை ஏந்திக் குடித்தாள். அவள் விழுங்கும்வரை காத்திருந்து, விழுந்துவிடவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, மற்றவர்கள் குடத்தை எடுத்துவந்தார்கள்.

மறுவாரம் அக்கா இஸ்திரித் துணி கொடுக்கப் பின்தெருவுக்குப் போனபோது அங்கே ஜீப் நிற்பதைக் கண்டாள். ஜீப் புறப்பட்டுப் போகும்வரை மூலையில் நின்றுவிட்டு, அது நின்ற வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். புத்தக பைண்டிங் கடைக்காரரின் மனைவி திறந்தாள். பார்த்த முகம்தான், பழக்கமில்லை.

"நான் முன்தெரு லாண்டரி. அந்த ஆபீஸ்காரங்க சொல்றது எதையும் நம்பாதீங்க. தண்ணிய நிறுத்திடுவாங்க. எங்க தெருவுல அப்படித்தான் பண்ணாங்க" என்றாள் மூச்சுவாங்க.

அந்தப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்க தெரு தோத்துப்போச்சுன்னு சொன்னாங்களே, அது நீங்கதானா?"

"தோத்ததாலதான் தண்ணி வருது."

"தோத்தவங்களுக்கு எதுக்குத் தண்ணி குடுக்கறாங்களாம்? எங்களுக்கு ஒரு மரியாதை கிடைக்கறது பொறுக்கலைன்னா நேரா சொல்லிட்டுப் போங்க."

அவர்களைப்போலச் சிரிக்காமல் வந்ததுதான் தப்போ என்று ஒரு சந்தேகம் அக்காவுக்கு வந்தது. "எப்பவாச்சும் வேணும்னா கடை வாசல்லயே குழாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

கோடை ஏறிய ஒரு மத்தியானம். தெருவில் ஆள் நடமாட்டமில்லை. அக்கா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது ஒரு நிழல் வந்து நின்றது. பைண்டிங் கடைக்காரரின் மனைவி. இடுப்பில் ஒரு குடம், குடத்தைச் சுற்றிச் சேலைத் துணி. தூக்கத்தில் இருக்கும் கைக்குழந்தையை மூடிக்கொண்டு வருவதுபோல் மூடியிருந்தாள். உதடு வெடித்திருந்தது.

அக்கா துணியை ஓரமாக ஒதுக்கினாள். வாளியை நகர்த்திவிட்டு இடம் கொடுத்தாள். குடம் நிறைந்தது. அந்தப் பெண் நின்றபடியே கையேந்திக் குடித்தாள். நிறையக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, உதட்டில் ஈரம் தெரிகிறதா என்று கடைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குடத்தை மறுபடி துணியால் சுற்றினாள்.

பிறகு தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, அக்காவின் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள்:

"நான் வந்துட்டுப் போனதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க வீட்டுக்காரரைத் தூதரா ஆக்கியிருக்காங்க."